வளவுக்கு எது: வெட்சியா, ஆவரையா, காயாவா?

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வளவு வைத்திருப்பவரும், மேற்கே படுவான்கரையில் வைத்திருப்பவரும் ஒரே பூச்செடியை நட்டு ஒரே பலனை எதிர்பார்ப்பது பொருந்தாது. கிழக்கே இருப்பது நீரைத் தேக்காத கரையோர மணல். மேற்கே இருப்பது வயலும் மேட்டுக்காடும் அடுத்தடுத்துக் கிடக்கும், ஈரத்தை ஓரளவு தாங்கி வைக்கும் நிலம். மாரியில் கொட்டும் வடகீழ்ப் பருவமழையும் கோடையில் வீசும் வெப்பமான கச்சான் காற்றும் மட்டுமே இரண்டுக்கும் பொதுவானவை. நம் உலர்வலயக் காடுகளிலும் பற்றைகளிலும் இயற்கையாக வளரும் வெட்சி, ஆவரை, காயா ஆகிய மூன்றையும் இந்த அளவுகோலை வைத்தே ஒப்பிட வேண்டும். பூவின் நிறத்தை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றிலும் அதிகம் விரும்பப்படுவது வெட்சி. ஆண்டின் பெரும்பகுதியும் செந்நிறக் கொத்துகளாகப் பூப்பதும், கத்தரித்தால் அடர்ந்து வேலியாவதும், முருகனுக்கு உகந்த பூ என்ற மதிப்பும் அதற்குக் காரணங்கள். மண்டூர், சித்தாண்டி, திருக்கோவில் என்று முருகன் கோயில்கள் நிறைந்த இப்பகுதியில் அந்த மதிப்பு சிறியதன்று. நான்கு இதழ்களுக்குக் கீழே நீண்டு மெலிந்த குழலின் அடியில் தேன் இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகள் இதனை நாடி வருகின்றன. கருஞ்சிவப்பாகப் பழுக்கும் பழங்களைப் பறவைகள் உண்கின்றன. ஆனால் வெட்சி அமிலத்தன்மையுள்ள மண்ணையே விரும்பும். சிப்பித் துணுக்குகள் கலந்த கடற்கரை மணலிலும், சீமெந்து மதிலின் அடியிலும் சுண்ணாம்புத் தன்மை மிகுவதால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதனை எடுக்க முடிவதில்லை. நரம்புகள் பச்சையாக நிற்க, இளம் இலைகள் மஞ்சளாகின்றன. இதனைப் பசளைக் குறைவென்று எண்ணி அடுப்புச் சாம்பலைக் கொட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சாம்பலும் காரத்தன்மை உடையதாகையால் அது நோயை வளர்க்கும் வைத்தியம். மதிலிலிருந்து சற்று விலக்கி, மக்கிய இலைதழைகளை நிறைய இட்டு நடுவதே சரியான வழி. அப்படிச் செய்தாலும் முதல் ஓரிரு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றாமல் முடியாது.

தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வளவுக்கு ஆவரை பொருந்தும். வறண்ட மணலையும் கடுமையான வெயிலையும் அது தாங்கும். ஆடு மாடுகளும் பெரும்பாலும் அதனைத் தீண்டுவதில்லை. கட்டாக்காலி மாடுகள் திரியும் ஊர்களில் இந்த ஒரு குணமே முடிவைத் தீர்மானித்துவிடக்கூடும். அதன் மஞ்சள் பூவில் தேன் கிடையாது. மகரந்தப்பையின் நுனித் துளையிலிருந்து மகரந்தத்தை உதிர்ப்பதற்காகத் தச்சன் வண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு அதிரவைக்கும். உலர்ந்த பூவில் பானம் தயாரிப்பதும், தனின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்துவதும் பழைய வழக்கங்கள். ஆவரைக்கு ஆகாதது வேரடியில் தேங்கும் நீர். ஆகவே மாரியில் வெள்ளம் நிற்கும் பள்ளக் காணிகளில் மேடுகட்டியே நட வேண்டும். கத்தரிக்காமல் விட்டால் அடித்தண்டு வெறுமையாகிப் பார்வைக்கு அழகற்றதாகிவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அழகை மட்டும் கேட்டால் என் தேர்வு காயா. இலைகளுக்கு இடையிலும் இலையுதிர்ந்த பழைய கொப்புகளின் கணுக்களிலும் நீலப் பூக்கள் திரண்டு நிற்கும்போது வேறு எந்தச் செடியும் அதற்கு ஈடாகாது. எனினும் அந்தப் பூப்பு நீண்ட காலம் நீடிப்பதில்லை. செடியும் மிக மெதுவாக வளரும். நாற்றுப்பண்ணைகள் அதனை ஏறெடுத்தும் பார்க்காததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். அடர்ந்த பச்சை இலைகள் ஆண்டு முழுவதும் நிற்பதால், பூக்காத காலத்திலும் அது வெறுமையாகத் தோன்றாது. கோயில் வீதி, பாடசாலை வளவு போன்று அவசரமில்லாத இடங்களுக்கு அதுவே தகும்.

ஆகவே படுவான்கரையிலும் அம்பாறையின் உட்புற ஊர்களிலும் வீட்டு முற்றத்துக்கு வெட்சியையும், எழுவான்கரை முதல் பொத்துவில் வரையான மணற்கரையில் வேலியோரத்துக்கு ஆவரையையும் பரிந்துரைப்பேன். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எக்சோரா என்ற பெயரில் விற்கப்படும் குட்டைச் செடிகளில் பல சீன இனத்தையும் கலப்பினங்களையும் சேர்ந்தவை, அவை காட்டு வெட்சி அல்ல. காட்டுக்குச் சென்று பிடுங்குவதும் தீர்வாகாது. குமண போன்ற தேசிய பூங்காக்களில் செடியை அகற்றுவது, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும். வெட்சியை அயல்வீட்டு முதிர்ந்த செடியின் தண்டிலிருந்தும், ஆவரையைச் சுடுநீரில் ஓர் இரவு ஊறவைத்த விதையிலிருந்தும், காயாவைப் பழுத்த உடனே விதைத்தும் உருவாக்கிக்கொண்டு, மாரி தொடங்கி மண் நன்கு நனைந்த பின் நிலத்தில் நடலாம்.