ஒரே திராட்சை, இரண்டு ஒயின்: ஜூராவில் எதை வாங்குவது?

பிரெஞ்சு ஒயின் என்றதும் போர்தோ, பர்கண்டி, ஷாம்பெயின் என்று மூன்று பேரோடு நிறுத்திவிடுகிறோம். பர்கண்டிக்குக் கிழக்கே, சுவிட்சர்லாந்தை ஒட்டிய மலையடிவாரத்தில் ஜூரா இருக்கிறது. லூயி பாஸ்டர் வளர்ந்த ஆர்புவா ஊர் இங்கேதான். திராட்சைத் தோட்டம் எல்லாம் சேர்த்தே சுமார் 2,000 ஹெக்டேர்தான் வரும்.

அங்கே விளைகிற சவான்யான் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு ஒயின்கள் கிடைக்கின்றன. பீப்பாயில் ஆவியாகிக் குறைவதை அவ்வப்போது ஊற்றி நிரப்புகிறார்களா, அப்படியே விடுகிறார்களா என்பதுதான் வித்தியாசம்.

நிரப்பியது 'உய்யே'. காற்று அதிகம் படாததால் எலுமிச்சைத் தோலின் வாசம் அப்படியே நிற்கும், புளிப்பு நாக்கின் ஓரங்களைக் கூச வைக்கும். மீனுக்கு அருமையான ஜோடி. ஆனால் திறந்தால் சில நாளில் முடித்துவிட வேண்டும்.

நிரப்பாமல் விட்டது 'வான் ஜோன்', அதாவது மஞ்சள் ஒயின். பீப்பாயில் ஒயின் குறையக் குறைய அதன் மேல் ஈஸ்ட் படர்கிறது, ஆறின பாலில் ஏடு கட்டுவதைப் போல. அந்த ஏடுதான் ஒயினை வினிகராக விடாமல் காக்கிறது. ஆறு வருஷத்துக்கு மேல் பீப்பாயில் கிடக்க வேண்டும், அதில் குறைந்தது 60 மாதம் ஏட்டுக்கு அடியில். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது 620 மில்லி என்பது கணக்கு. இதை அடைக்கும் 'கிளாவ்லான்' என்ற குட்டையான பாட்டிலின் அளவும் அதுவே.

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் வால்நட்டுக்குப் பின்னால் வெந்தயம் வருகிறது! கற்பனை இல்லை. வெந்தய வாசத்துக்குக் காரணமான சோடோலோன் என்ற பொருள் இந்த ஒயினிலும் உண்டாகிறது. அஞ்சறைப் பெட்டியோடு வளர்ந்த மூக்குக்கு இது அந்நியமே அல்ல. நாள்பட்ட கோம்டே பாலாடைக்கட்டியோடு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

மஞ்சள் ஒயினுக்கென்றே இருக்கும் ஷாட்டோ ஷலோன் ஊரின் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. விளைச்சல் சரியில்லை என்று 1974, 1980, 1984, 2001 ஆகிய வருஷங்களில் அந்தப் பெயரில் ஒரு பாட்டில்கூட வரவில்லை.

திராட்சையை உலர்த்திச் செய்யும் 'வான் த பாய்' இனிப்பு ரகம், இந்தப் போட்டியில் சேராது.

விலையில் உய்யேதான் கைக்கு அடக்கம். ஆனாலும் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு வான் ஜோனுக்கு. புளிப்பான நல்ல வெள்ளை ஒயின் பல ஊர்களில் கிடைக்கும். ஏட்டுக்கு அடியில் வளரும் ஸ்பெயினின் ஃபீனோ ஷெரி என்ற ஒயினில்கூடத் தனியாக ஆல்கஹால் சேர்க்கிறார்கள், இதில் அது கிடையாது. திறந்தாலும் வாரக்கணக்கில் கெடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மட்டும் ஊற்றாதீர்கள். சில மணி நேரம் முன்பே திறந்துவைத்து, 15 டிகிரி வாக்கில் குடியுங்கள்.