லெப்டின் சொல்வதை மூளை கேட்காதது ஏன்: வயதா, கொழுப்பா?

நடுவயது தாண்டினால் வயிற்றைச் சுற்றிச் சதை போடுகிறது. கொழுப்பு செல்கள்தான் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன என்பதால் ரத்தத்தில் லெப்டினும் ஏறுகிறது. ‘இருப்பு போதும், பசியைக் குறை’ என்று மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதிக்குச் சொல்வது அதன் வேலை. சேதி போகிறது, மூளை கண்டுகொள்வதில்லை. இதுதான் லெப்டின் எதிர்ப்புநிலை. 1994-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு இந்த ஹார்மோனின் மரபணுவைக் கண்டுபிடித்தபோது, ஊசி போட்டே பருமனை விரட்டிவிடலாம் என்று பலர் நம்பினார்கள். பருமனானவர்களில் பெரும்பாலோரின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே ஏராளம் என்று தெரிந்ததும் அந்த நம்பிக்கை வடிந்தது.

குற்றவாளி யார்? வயது, கொழுப்பு என இருவர்மேல் சந்தேகம். இருவரும் சேர்ந்தே வருவதால் பிரித்து விசாரிப்பது கடினம். இங்கேதான் உணவுக் கட்டுப்பாடு உதவுகிறது. எலிக்குத் தீனியைக் குறைத்தால் கொழுப்பு குறையும், வயது குறையாது.

2002-ல் இப்படிச் சோதித்த இரண்டு குழுக்கள் எதிரெதிர்த் தீர்ப்பு சொன்னன. ஸ்பெயின் குழு விஸ்டார் என்ற ஆய்வக எலி இனத்தில் பார்த்தது: நீண்டகாலம் குறைவாக உண்ட கிழ எலிகளின் மூளை லெப்டினுக்கு ஒழுங்காகப் பணிந்தது. அப்படியானால் பழி கொழுப்பின்மேல். நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக் குழுவோ, கொழுப்பைக் குறைத்த பிறகும் கிழ எலிகளிடம் லெப்டின் எடுபடவில்லை என்றது. அப்படியானால் பழி வயதின்மேல்.

என் சாய்வு கொழுப்பின் பக்கம். இன்னும் சரியாகச் சொன்னால், அது சுரக்கும் மிதமிஞ்சிய லெப்டினின் பக்கம். காரணம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. செல்லின் மேல் லெப்டினைப் பிடிக்கும் ஏற்பியில் அது ஒட்டியதும், ஜேஏகே2, எஸ்டிஏடி3 என்ற புரதங்கள் வழியே சமிக்ஞை ஓடுகிறது. அதே சமிக்ஞை எஸ்ஓசிஎஸ்3 என்ற புரதத்தையும் உண்டாக்குகிறது; அது ஒரு பிரேக். லெப்டின் ஓயாமல் கொட்டினால் பிரேக்கும் விடாமல் அழுத்தும். ஒலிபெருக்கிக்குக் கீழே கடை போட்டவர் பாட்டைக் காதில் வாங்குவதில்லையே, அந்தக் கதைதான். ஃபுளோரிடாவில் பிலிப் ஸ்கார்பேஸ் குழு இள எலிகளின் மூளையில் மரபணு வழியே லெப்டினைப் பெருக்கியபோது, வயதே ஆகாமல் எதிர்ப்புநிலை வந்தது. 2019-ல் பிலிப் ஷெரர் குழு தலைகீழாகப் போனது. பருத்த சுண்டெலிகளின் லெப்டினை ஓரளவு குறைத்தார்கள். மூளை மறுபடி கேட்கத் தொடங்கியது, எடையும் இறங்கியது. உணவுக் கட்டுப்பாடு செய்வதும் ஏறக்குறைய இதையே என்பது என் ஊகம்.

அதற்காக வயதை விடுதலை செய்துவிட முடியாது. நியூயார்க் எலிகளுக்குக் கொழுப்பு வாதத்திடம் நேரான பதில் இல்லை. எந்த இன எலி, எந்த வயதில் கட்டுப்பாடு தொடங்கியது என்பதெல்லாம் முடிவை மாற்றக்கூடும்.

மனிதர்களுக்கு? கேலரி (CALERIE) என்ற உணவுக் கட்டுப்பாட்டு ஆய்வில் ஐம்பது வயதுக்கு உட்பட்ட, பருமனில்லாதவர்களிடம் 25% கலோரிக் குறைப்பு கேட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் சராசரியாகக் கைகூடியது சுமார் 12%. உடல்நலக் குறியீடுகள் பல மேம்பட்டன, எலும்பு அடர்த்தி கொஞ்சம் இறங்கியது. எழுபதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பசியே எடுப்பதில்லை, தசையும் கரைந்துகொண்டிருக்கும். அவர்களிடம் போய் எலிக் கணக்கைச் சொல்லி ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்வது ஆபத்து.