கம்பெனி மனமிரங்கித் தரும் உரிமமா, அரசு போடும் கட்டாய உரிமமா?

போன வருடம் எங்கள் நோயாளர் குடும்பக் குழுவின் முன்னால் இரண்டு மனுக்கள் இருந்தன. இரண்டும் ஒரே மருந்துக்காக. முதலாவது, காப்புரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கு: மற்ற கம்பெனிகளும் தயாரிக்க நீங்களாகவே அனுமதி கொடுங்கள். அடுத்தது மத்திய அரசுக்கு: கம்பெனி சம்மதிக்காவிட்டாலும் மற்றவர்கள் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம் போட்டு விலையைக் குறையுங்கள். இரண்டுக்கும் அலைய எங்களிடம் ஆள் இல்லை. நாங்கள் அரசுக்கான மனுவைத்தான் எடுத்தோம்.

விலை குறைவது இரண்டிலும் நடக்கும், அதில் சண்டை இல்லை. வேகத்தில் கம்பெனி தரும் உரிமம்தான் முந்தும். வழக்கு கிடையாது, தயாரிப்பு நுட்பமும் சேர்ந்து கைமாற வாய்ப்பு உண்டு. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் லெனகாபவிர் ஊசியையே பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். 2024 அக்டோபரில் கிலியட் கம்பெனி அதே மருந்தை மலிவாகச் செய்யும் ஆறு ஜெனரிக் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் கொடுத்தது. 2027 முதல் ஒருவருக்கு ஆண்டுக்கு சுமார் 40 டாலரில் கிடைக்கும் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. இது பெரிய காரியம்.

ஆனால் அந்த உரிமத்தோடு, மலிவு ஊசியை எந்தெந்த நாடுகளில் விற்கலாம் என்ற பட்டியலும் வருகிறது. 120 நாடுகள். பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு அதில் இல்லை. அதே ஊசியின் பரிசோதனையில் இந்த நாலு நாட்டு மக்களும் உடம்பைக் கொடுத்துப் பங்கேற்றவர்கள். பட்டியலில் ஏன் நாங்கள் இல்லை என்று அவர்கள் யாரிடம் போய்க் கேட்பது? கம்பெனி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் மனம் ஒரு பக்கம் சாய்ந்தது இந்த ஒரு கேள்வியில்தான்.

கட்டாய உரிமத்தில் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு மூன்று கேள்விகள் வைக்கிறது. மக்களின் நியாயமான தேவை நிறைவேறியதா? கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறதா? காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு இந்த நாட்டில் செயல்பாட்டுக்கு வந்ததா? காப்புரிமை கொடுத்து மூன்று வருடம் ஆன பிறகு, அக்கறை உள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். கம்பெனி வந்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2012 மார்ச்சில் அப்படித்தான் நடந்தது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான நெக்ஸவார் மருந்தை பேயர் மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் கிடைத்ததும் அது 8,800 ரூபாய் ஆனது. தேவைப்படும் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேரைச் சற்றே தாண்டித்தான் மருந்து எட்டியிருந்தது என்பதையும் அந்த உத்தரவு பதிவு செய்தது. பேயரின் மேல்முறையீடு சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு வந்தது. வாரியம் உரிமத்தை ரத்து செய்யவில்லை, நாட்கோ பேயருக்குத் தர வேண்டிய ராயல்டியை மட்டும் 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கியது. ஆக, கம்பெனியின் பங்கும் அதற்குப் போய்ச் சேர்ந்தது.

மலேசியாவின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. ஹெபடைடிஸ் சி-க்கான சோஃபோஸ்புவிர் மருந்துக்கு 2014இல் கிலியட் கொடுத்த உரிமப் பட்டியலில் அந்த நாடு இல்லை. 2017இல் மலேசிய அரசு, கம்பெனியின் சம்மதம் இல்லாமலே தன் உபயோகத்துக்கு மருந்தைப் பெறும் உரிமத்தை நோக்கி நகர ஆரம்பித்ததும், ஆகஸ்டில் பட்டியலில் மலேசியாவும் சேர்ந்தது! அரசு அதோடு நிற்கவில்லை, செப்டம்பரில் உரிமத்தை அறிவித்தே விட்டது. சட்டம் கையில் இருக்கிறது என்று தெரிந்தால் கம்பெனியின் பட்டியலும் நீளும்.

சரி, எங்கள் தேர்வில் குறையே இல்லையா? இருக்கிறது. நெக்ஸவாருக்குப் பிறகு இந்தியாவில் இன்னொரு கட்டாய உரிமம் வரவில்லை. ஒரே ஒரு முன்னுதாரணத்தை நம்பித்தான் இறங்கியிருக்கிறோம். தாய்லாந்து 2007 ஜனவரியில் கலேட்ரா என்ற எச்.ஐ.வி. மருந்துக்குக் கட்டாய உரிமம் போட்டபோது, அபாட் கம்பெனி தன் புதிய மருந்துகளின் பதிவு விண்ணப்பங்களையே அங்கிருந்து திரும்பப் பெற்றது. அந்த அடி நோயாளிகள் மேல்தான் விழுந்தது. அப்புறம், நாங்கள் கேட்பது மாத்திரை, அதை வேறு கம்பெனியாலும் செய்ய முடியும். உயிரணுக்களில் வளர்த்து எடுக்கும் மருந்துகளுக்கும் தடுப்பூசிகளுக்கும் காப்புரிமையைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, செய்முறையும் கைக்கு வர வேண்டும். அங்கே கம்பெனியோடு பேசுவதே மேலாக இருக்கலாம். அதில் எங்களுக்கு அனுபவம் இல்லை.

உரிமம் கிடைத்தாலும் நாங்களே மருந்து செய்துவிட முடியாது. தயாரிக்க ஒரு கம்பெனி முன்வர வேண்டும், அல்லது அரசே அதே காப்புரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி கட்டாய உரிமம் தேவை என்று அறிவிக்க வேண்டும். மனுவின் முதல் பத்தியில் உலக சுகாதார அமைப்பின் 1946ஆம் ஆண்டு சாசனத்தைச் சேர்த்தோம். எட்டக்கூடிய மிக உயர்ந்த ஆரோக்கியம் ஒவ்வொரு மனிதருக்கும் அடிப்படை உரிமை என்று சொல்வது அதுதான். இரண்டாம் பத்தியிலிருந்து அந்த மூன்று கேள்விகள். அதற்காக இப்போது வீடு வீடாக மருந்து ரசீதுகளை வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். விலையைக் கேட்டுவிட்டு, வாங்காமல் திரும்பிய குடும்பங்களிடம் ரசீது இல்லை. அவர்கள் சொல்வதை எழுதி, கையெழுத்து வாங்கி வைக்கிறோம்.