20 லிட்டர் சோலோ மைக்ரோவேவ், ரெண்டு நாப் மாடல்: நம்ம வீட்டு சமையலுக்கு எப்படி?

எங்க வீட்ல இருக்கறது 20 லிட்டர் சோலோ மைக்ரோவேவ், அதாவது சூடு பண்ணும், வேக வைக்கும், கேக் சுடற வசதியெல்லாம் கிடையாது. பட்டன், டிஸ்ப்ளே எதுவும் கிடையாது, பவருக்கு ஒரு நாப், டைமுக்கு ஒரு நாப், அவ்ளோதான். கன்வெக்‌ஷன் எடுங்க, கேக் பண்ணலாம் தந்தூரி பண்ணலாம்னு கடையில எவ்ளோ சொன்னாலும், தினமும் நடக்கறது என்னவோ ஃப்ரிட்ஜ்ல இருக்கற குழம்ப சூடு பண்றது, சாதம், பால், இட்லி, எப்பவாவது அப்பளம். இதுக்கு சோலோ தாராளமா போதும். வயசானவங்க இருக்கற வீட்டுக்கு நாப் மாடல்தான் சொல்வேன், அம்மாவுக்கு ஒரு தடவ காட்டினதோட சரி, அப்புறம் யாரையும் கூப்பிடறதே இல்ல.

சூடு பண்றதுல குறையே இல்ல, ஆனா வெறுமனே உள்ள வச்சு திருப்பினா இட்லி ரப்பர் மாதிரி ஆயிடும். மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சு, தட்ட நடுவுல காலியா விட்டு ஓரமா சுத்தி அடுக்கி, மூடி லேசா திறந்த மாதிரி வச்சு அர நிமிஷம் விட்டா அப்பதான் கொப்பரைலேந்து எடுத்த மாதிரி வரும். நடுவுல வச்சா ஓரம் கொதிக்கும் நடு ஜில்லுனு இருக்கும், உள்ள சூடு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி விழாது, அதனாலதான் தட்டே சுத்துது. குழம்ப பாதில நிறுத்தி ஒரு கிளறு கிளறிட்டு திரும்ப வைங்க. அப்பளம் எண்ணெயே இல்லாம ஒரு நிமிஷத்துக்குள்ள பொரியும், இது ஒண்ணுக்காகவே எங்க வீட்ல எல்லாருக்கும் இத பிடிக்கும். வடை, பஜ்ஜி மட்டும் வேண்டாம், தண்ணிய சூடாக்கித்தான் இது வேலை செய்யுது, அதனால மொறுமொறுப்பு போய் நமத்துப் போயிடும்.

இந்த மாடல்ல எனக்கு உண்மையிலேயே பிடிக்காத ஒரு விஷயம் இருக்கு, இத யாரும் வாங்கறப்ப சொல்றதில்ல. 3 நிமிஷம் வச்சு 2 நிமிஷத்துலயே பாத்திரத்த எடுத்துட்டு கதவ மூடினா, மிச்சம் இருக்கற ஒரு நிமிஷத்துக்கு அது பாட்டுக்கு திரும்ப ஓட ஆரம்பிச்சிடும், உள்ள ஒண்ணுமே இல்லாம. காலியா ஓடறது மேக்னட்ரானுக்கு, அதாவது உள்ள அலைய உண்டாக்கற பாகத்துக்கு, ரொம்ப கெடுதல். அதனால முன்னாடியே எடுத்தா டைமர் நாப கையால ஜீரோவுக்கு கொண்டு வந்துட்டுதான் கதவ மூடணும், வீட்ல எல்லார்கிட்டயும் இத சொல்லி வைங்க. இன்னொண்ணு, 2 நிமிஷத்துக்கு கம்மியா வைக்கணும்னா நாப 2 தாண்டி திருப்பிட்டு அப்புறம் பின்னாடி கொண்டு வரணும், இல்லன்னா டைமர் சரியா ஓடாது.

பாத்திரம் விஷயத்துல எவர்சில்வர், அலுமினிய ஃபாயில், தங்க பார்டர் போட்ட கப் எதுவுமே கூடாது. மெலமைன் தட்டும் கூடாது, பாக்க பீங்கான் மாதிரியே இருக்கறதால நிறைய வீட்ல அதத்தான் வைக்கறாங்க. ஹோட்டல் பார்சல் டப்பாவ அப்படியே வைக்காதீங்க, கண்ணாடி பாத்திரத்துக்கு மாத்திட்டு வைங்க. முட்டைய ஓட்டோட வைக்கவே கூடாது, உரிச்ச அவிச்ச முட்டைய சூடு பண்ணா கூட வாயில வச்சு கடிக்கறப்ப வெடிக்கலாம். வெறும் தண்ணிய ரொம்ப நேரம் வச்சா சில சமயம் கொதி வராமலே கொதிநிலைய தாண்டி நிக்கும், எடுத்து டீத்தூள போட்டதும் பொங்கி கையில கொட்டும், அதனால கொஞ்ச நேரம் உள்ளயே விட்டு அப்புறம் எடுங்க. குழந்தை பால் பாட்டில இதுல சூடு பண்ணாதீங்க, பாட்டில் வெளிய வெதுவெதுப்பா இருக்கும், உள்ள ஒரு எடத்துல வாய் வெந்து போற அளவுக்கு சூடு இருக்கும். உள்ள எதாவது தீப்பிடிச்சா கதவ திறக்கக் கூடாது, முதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணுங்க, காத்து இல்லாம தானா அணைஞ்சிடும்.

ரிப்பேர்னு பாத்தா போன வருஷம் உள்ள வலது பக்கம் பட் பட்னு பொறி பறந்துது. போன் பண்ணி கேட்ட ஒரு எடத்துல பாக்காமலே மேக்னட்ரான் போச்சு, புதுசு வாங்கிடுங்கன்னாங்க. எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் வந்து பாத்தா, உள் சுவத்துல அட்ட மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்குமே அந்த மைக்கா ஷீட்ல குழம்பு தெறிச்சு கருகியிருக்கு, புதுசா ஒண்ணு வெட்டி போட்டாரு, சில நூறு ரூபாயோட முடிஞ்சுது. அது கம்பெனி லேபிள்னு நெனச்சு பிச்சு போட்டுடாதீங்க, அது இல்லாம ஓட்டவும் கூடாது. ஒரு கிண்ணத்துல தண்ணியும் எலுமிச்சையும் போட்டு 3 நிமிஷம் கொதிக்க விட்டு ஈரத் துணியால துடைச்சாலே இந்த பிரச்சனை பெரும்பாலும் வராது.

தட்டு சுத்தலன்னா முதல்ல கீழ இருக்கற சக்கர வளையத்த பாருங்க, கழுவிட்டு திரும்ப வைக்கறப்ப நடுவுல சரியா உக்காந்திருக்காது. சூடு கம்மியா இருக்குன்னு தோணுச்சுன்னா வோல்டேஜ பாருங்க, எங்க தெருவுல சாயங்காலம் லோ வோல்டேஜ் வர்றப்ப அதே சாதத்துக்கு கூட ஒரு நிமிஷம் ஆகுது. லைட் எரியுது, தட்டு சுத்துது, ஆனா சூடே இல்லன்னா டயோடு, கெப்பாசிட்டர், மேக்னட்ரான்னு எதுவா வேணா இருக்கலாம், அத மெக்கானிக்தான் பாக்கணும். யூடியூப் பாத்துட்டு நீங்களே கவர கழட்டாதீங்க ப்ளீஸ், பிளக்க பிடுங்கின அப்புறமும் கரண்ட சேத்து வைக்கற அந்த கெப்பாசிட்டர்ல 2000 வோல்ட் வரைக்கும் நிக்கலாம், தொட்டா உயிரே போகும்.

கதிர்வீச்சு பயம் நிறைய பேருக்கு இருக்கு. கதவ திறந்த உடனே அலை நின்னுடும், சாப்பாட்டுல எதுவும் தங்காது. கதவு கோணலாகி சரியா மூடலன்னாலோ கீல் உடைஞ்சிருந்தாலோ மட்டும் ஓட்டாதீங்க, முதல்ல சரி பண்ணுங்க.

700 வாட்ஸ்னு போட்டிருந்தாலும் கரண்ட்ல இழுக்கறது 1100, 1200 வாட்ஸ் இருக்கும், அதனால எர்த் இருக்கற 16 ஆம்ப் பாயிண்ட் தனியா வேணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடாதீங்க. வீட்டு இன்வெர்ட்டர்லயும் வேண்டாம். வாங்கறப்ப மேக்னட்ரானுக்கு எத்தன வருஷம் வாரண்டி, உங்க ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கான்னு கேட்டுட்டு, டெலிவரி வந்த அன்னிக்கே ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணிய வச்சு ஃபுல் பவர்ல 2 நிமிஷம் ஓட்டி பாருங்க, ஆவி பறக்கலன்னா கையோட மாத்த சொல்லிடுங்க.