ஒரு சாண் தூரம்: பூச்சிப் படத்துக்கு எதை வாங்குவது?

மேக்ரோ என்கிற மிக நெருக்கப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். இப்போது யாராவது கேட்டால், "பூச்சிக்கு எவ்வளவு கிட்டே போகணும்?" என்று திருப்பிக் கேட்கிறேன். என்னிடம் இருப்பது கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேனன் கேமரா, கூடவே வந்த 18-55, 55-250 லென்ஸ்கள் (எண்கள் மில்லிமீட்டரில் குவியத் தூரம்), பிறகு வாங்கிய ஒரு 50. களம், மதிலோரத்து எருக்கஞ்செடியும் பக்கத்து மாமரமும்.

எருக்குக்கு வரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்காக எதுவுமே வாங்க வேண்டாம். இறக்கை விரித்தால் ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். 55-250 தன் பாட்டுக்கு 0.3 மடங்கு தரும், அதாவது பூச்சியின் அளவில் 0.3 பங்கு சென்சாரில் விழும். சட்டத்துக்குள் ஏழரை சென்டிமீட்டர் அகலம் அடங்கும். எட்ட நின்று எடுத்துவிடலாம். சிக்கல் ஆரம்பிப்பது, அதே செடித் தண்டில் அப்பிக்கிடக்கும் இரண்டு மில்லிமீட்டர் மஞ்சள் அசுவினியில்.

மிகவும் மலிவானது ரிவர்ஸ் ரிங், லென்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டும் வளையம். சில நூறு ரூபாய்தான். லென்ஸைத் தலைகீழாக மாட்டிவிட்டால் 18-55இன் 18 முனையிலேயே மூன்று மடங்குக்கு மேல் போகும். அசுவினியின் கால் மூட்டெல்லாம் தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கண்ணாடிக்கும் பூச்சிக்கும் இடையே நான்கைந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். அசுவினி எங்கும் ஓடாது, பரவாயில்லை. முசுறு எறும்பு அப்படியா? மாமரத்தில் அதன் இலைக்கூட்டுக்கு முன்னால் இப்படிக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கடித்தது, கடித்த இடத்தில் அமிலத்தையும் பீய்ச்சியது. படம் ஒன்றுகூடத் தேறவில்லை. அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) தொல்லை வேறு: லென்ஸை நேராக மாட்டி, அளவை வைத்து, டெப்த் பிரிவியூ பட்டனை அழுத்தியபடியே கழற்றினால்தான் துளை அந்த அளவில் நிற்கும். அப்புறம் வியூஃபைண்டர் இருட்டாகிவிடும்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் டியூப். உள்ளே கண்ணாடி கிடையாது, வெறும் குழாய். லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளி வைப்பது மட்டுமே அதன் வேலை. அதனால் லென்ஸின் தரம் அப்படியே இருக்கும், வெளிச்சம்தான் குறையும். கணக்கு எளிது. குழாய் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், கூடுதலாக எத்தனை மடங்கு என்று தெரியும். 50க்குப் பின்னால் 36 மில்லிமீட்டர் குழாய் என்றால் 0.72, லென்ஸின் சொந்த 0.2ஐச் சேர்த்தால் ஏறக்குறைய நிஜ அளவு, அதாவது ஒரு மடங்கு. அதே குழாயை 250க்குப் போட்டால் 0.14தான் கூடும், பிரயோசனமில்லை. 18இல் போட்டாலோ ஃபோக்கஸ் லென்ஸுக்குள்ளேயே விழும். ஆக, 50 வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல பொருள். வாங்கினால் மின் தொடர்பு உள்ளதையே வாங்குங்கள், இல்லையென்றால் இங்கும் அதே அபர்ச்சர் தொல்லை. தூரம் என்று பார்த்தால் பத்து சென்டிமீட்டருக்குள்தான் கிடைக்கும். காலைப் பனியில் விறைத்துக் கிடக்கும் தும்பிக்குச் சரி, வெயில் ஏறிய பிறகு கஷ்டம்.

நான் கடைசியில் நிலைகொண்டது ரேனாக்ஸில். லென்ஸின் முன்னால் கிளிப் போலக் கவ்விக்கொள்ளும் சின்னக் கண்ணாடி. விலை சில ஆயிரம். 52 முதல் 67 மில்லிமீட்டர் வரையிலான ஃபில்டர் அளவுகளுக்கு (லென்ஸ் முகப்பின் விட்டம்) ஒரே கிளிப் போதும். டிசிஆர்-150, டிசிஆர்-250 என்று இரண்டு உண்டு. முன்னது 4.8 டயாப்டர் (கண்ணாடியின் பவர்), பின்னது 8. லென்ஸின் ஃபோக்கஸ் முடிவிலியில் (ஆகத் தொலைவில்) இருக்கும்போது ஒரு மீட்டரை டயாப்டரால் வகுத்தால் தூரம் வரும்: 150க்கு 21 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண், 250க்குப் பன்னிரண்டரை. இது டியூப்புக்கு நேரெதிர், நீள லென்ஸில்தான் பலன். 55-250இன் 250 முனையில் டிசிஆர்-150ஐ மாட்டினால் 1.2 மடங்கு, 18 மில்லிமீட்டர் அகலக் காட்சி. ஒரு சென்டிமீட்டர் முசுறு பாதிச் சட்டத்தை நிரப்பும். ஒரு சாண் எட்ட நிற்பதால் அதுவும் அவ்வளவாகச் சண்டைக்கு வருவதில்லை. குறை இல்லாமலில்லை: அந்தத் தூரத்தை விட்டு முன்பின் நகர்ந்தால் ஃபோக்கஸே கிடைக்காது, ஓரங்களிலும் கூர்மை கொஞ்சம் மங்கும்.

தனி மேக்ரோ லென்ஸ்? கையில் பல பத்தாயிரம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முடிவிலி தொடங்கி நிஜ அளவு வரை இடைவெளியில்லாமல் போகும், ஓரமும் கூர்மை. ஆனால் 100 மில்லிமீட்டர் மேக்ரோவும் நிஜ அளவில் பதினைந்து சென்டிமீட்டருக்குள் வரச் சொல்லும். என் ரேனாக்ஸ் 150 தருவது அதைவிட அதிகம்.

சரி, எதை வாங்கினாலும் ஒன்று மாறாது. நிஜ அளவில் அபர்ச்சரை எஃப் 11 என்று சிறிதாக வைத்தால்கூடக் கூர்மை கிடைப்பது ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான். அந்த எஃப் 11உம் வெளிச்சக் கணக்கில் எஃப் 22 ஆகி, இன்னும் இருண்டுவிடுகிறது. ஆகவே ஃப்ளாஷ் வேண்டும். வெறும் ஃப்ளாஷ் அடித்தால் வண்டின் முதுகு சில்வர் தட்டு மாதிரிப் பளீரென்று வெளுத்துவிடும். பார்சலில் வரும் வெள்ளை ஃபோம் தாளை இரண்டாக மடித்து, பூச்சிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் தொங்கவிட்டேன். ரிவர்ஸ் ரிங்கில் இதற்கு இடமே இல்லை, லென்ஸே வெளிச்சத்தை மறைத்துவிடும். ஒரு சாண் இருந்தால் தாராளமாகத் தொங்கவிடலாம்.

55-250 மாதிரி நீள லென்ஸ் வைத்திருப்பவர்கள் டிசிஆர்-150ஐ வாங்குங்கள். டிசிஆர்-250ஐ முதலில் வாங்கிவிட்டு மூச்சு விட்டால்கூட ஆடும் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெறும் 18-55 மட்டும் என்றால் பழைய 50 ஒன்றும் டியூப்பும். ரிவர்ஸ் ரிங் என் பையில் இன்னும் கிடக்கிறது, அசுவினிக்கு மட்டும் எடுப்பேன்.