பூட்டே இல்லாத வீடும் 'டோர் லாக்டு' செய்தியும்

திருப்பூரில் வேலை பார்க்கும் தோழி போன வாரம் போன் செய்து, "பாஸ்போர்ட் எடுக்கப் போறேன்டி, நம்ம ஊர் வீட்டு முகவரியே கொடுத்திடவா? அந்த போஸ்டாபீஸை நம்பலாமா?" என்று கேட்டாள். தாராளமா நம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அன்றைக்கு மதியம்தான் எனக்கு அந்தச் செய்தி வந்திருந்தது, அதனால் என்னென்னவோ சொல்லி வைத்துவிட்டேன். பதிலை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன அஞ்சலகம், பதினோரு வருடமாக என் தபால் எல்லாம் அதன் வழியாகத்தான். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், நாளைக்கும் அந்தக் கவுண்டரில்தான் நான் நிற்க வேண்டும்.

செய்தி இதுதான்: உங்கள் ஸ்பீடு போஸ்ட் பட்டுவாடா ஆகவில்லை, காரணம் 'டோர் லாக்டு'.

எங்கள் வீட்டில் பூட்டே கிடையாது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கிடையாது. அம்மாவுக்கு 78 வயது, நடமாட்டமெல்லாம் வாசல் வரைக்கும்தான், யாராவது ஒருவர் எப்போதும் கூட இருப்போம். பழைய பூட்டின் சாவி தொலைந்த பிறகு புதிது வாங்க வேண்டிய தேவையே வரவில்லை. அந்த வீடு இந்த வருடத்தில் மட்டும் ஆறு முறை பூட்டியிருந்திருக்கிறது. ஒரு முறை நான் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது, வீடு பூட்டியிருக்கிறது என்று என் மடியில் இருந்த போனே எனக்குச் சொன்னது.

தபால்காரரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் மறைக்கவில்லை. "அக்கா, சாயங்காலம் கையில இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் போட்டாத்தான் அன்னைக்குக் கணக்கு முடியும். மழை, கீழ இறங்க முடியலன்னு எழுதினா மேல கேள்வி கேட்பாங்க." எங்கள் வீடு ரோட்டிலிருந்து தேயிலைக்குள்ளே படி இறங்கி வரவேண்டிய இடம். மழை பிடித்தால் படி முழுக்கப் பாசி, பனி மூடினால் பத்தடிக்கு அந்தப் பக்கம் தெரியாது, நாலு மணிக்கு மேல் காட்டெருமை வந்து நிற்கும், போதாததற்குக் கரடி. நானே இறங்கமாட்டேன். அவர் வராததில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. காட்டெருமை நின்றது என்று போடட்டும், வணங்கி ஏற்றுக்கொள்கிறேன். வீட்டோடு கிடக்கிற மனுஷியை ஊர் சுற்றப் போனவளாக ஆக்குவதுதான் பொறுக்கவில்லை. மறுநாள் காலையில் அவரே தபாலோடு சிரித்துக்கொண்டு வந்து நிற்பார், நானும் டீ போட்டுக் கொடுப்பேன், அது வேறு விஷயம்.

என்னுடையது பெரும்பாலும் பத்திரிகை, வங்கிக் கடிதம், அவ்வளவுதான், ஒரு நாள் தள்ளினால் குடிமுழுகாது. பாஸ்போர்ட் அப்படியில்லை. அது ஸ்பீடு போஸ்டில்தான் வரும், கையில் சேராவிட்டால் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பிப் போய்விடும். இல்லாத பூட்டைக் காரணமாகப் போட்டு அது திரும்பினால் யாரிடம் போய் நிற்பாய்?

கட்டணம் பற்றியும் கேட்டிருந்தாள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனியாகக் கிடையாது, ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். முன்பு சுமார் 26 ரூபாயில் தாலுகா ஆபீசுக்கும் மற்ற ஊர்களுக்கும் மனு அனுப்புவேன். இப்போது 50 கிராம் வரை உள்ளூருக்கு 19, வெளியூருக்கு 47, பதிவு வேண்டுமென்றால் இன்னும் 5, எல்லாவற்றுக்கும் வரி தனி. மனு எழுதுகிறவர்கள் யாரும் பணக்காரர்கள் இல்லை என்பதை யாராவது யோசித்திருக்கலாம். அதே வருடம் மென்பொருளையும் மாற்றினார்கள், முதல் சில வாரம் போஸ்ட்மாஸ்டரம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பி, அதில் வட்டம் சுற்றுவதைக் காட்டிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு என் சாபம் வேண்டாம்.

அப்போ கூரியர்? கூரியர்காரர் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "மேடம், வந்து வாங்கிக்கிறீங்களா?" என்பார். பொய் சொல்லமாட்டார், வீட்டுக்கும் வரமாட்டார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அம்மா சிலோனிலிருந்து வந்து டேன்டீயில், அதாவது அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து கிள்ளியவர். பென்ஷனுக்கு வருடா வருடம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும், தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுப்பார். போன நவம்பரில் அம்மாவின் விரலை மெஷின் ஏற்கவே இல்லை. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? அவர் வெந்நீர் கேட்டார், அம்மாவின் கையை அதில் நனைத்துத் துடைத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. முகத்தை வைத்து எடுக்கலாம் என்றார், ஆனால் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. நாற்காலியோடு அம்மாவைப் பேரி மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். "கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி" என்கிறார், அம்மா இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொள்கிறார். "மூடக் கூடாது பாட்டி, சிமிட்டணும்." அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தச் சிரிப்பிலேயே கண் சிமிட்டிவிட்டது, மெஷினும் ஒத்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அன்றைக்குத் தூறல் வேறு, அவருடைய தபால் பையின் மேல் அம்மாவின் கம்பளியைப் போர்த்தி வைத்திருந்தோம். எந்த வங்கியிலிருந்து எனக்கு இப்படி ஒருவர் வருவார்?

சரி, தோழிக்குப் பதில். திருப்பூர் முகவரியே கொடு. பின்கோடு 641 என்று தொடங்கும், பழக்கத்தில் நம்ம ஊர் 643 போட்டுத் தொலைக்காதே. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று போடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பேரி மரத்தைப் பற்றி எழுதும்போது நாலு என்று தோன்றியது. இப்போது போனை எடுத்து அந்தச் செய்தியை மறுபடியும் படித்துவிட்டேன், இரண்டு. நவம்பரில் அம்மாவின் அடுத்த ஆயுள் சான்று முடிந்த பிறகு கேட்டால் வேறு பதில் வரும், அதற்குள் உனக்குப் பாஸ்போர்ட்டே வந்துவிடும்.