காரைக்குடி பக்கம் ப்ராசசரை ஓவர்க்ளாக் செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? என் 14,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

14,500 ரூபாய். ஓவர்க்ளாக், அதாவது ப்ராசசரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பது. அதைச் செய்து தருவதாகக் கடைக்காரர் வாங்கிய கூலி 2,500. அவர் வைத்த வோல்டேஜில் கெட்டுப்போன ப்ராசசருக்குப் பதிலாகப் புதிது வாங்கியது 12,000. நேற்று இரவுதான் புதியதைப் போட்டு மெஷினை ஓடவிட்டேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வோல்டேஜ் விஷயத்தில் எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தேவகோட்டையில் வீட்டிலேயே விசேஷ வீடியோக்கள் எடிட் செய்து கொடுப்பது என் தொழில். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து அறுபது, எண்பது வயது நிறைவுச் சாந்திக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு வருகிறவர்கள், திரும்பி விமானம் ஏறுவதற்குள் வீடியோ கையில் வேண்டும் என்பார்கள். என்னிடம் இருந்தது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசசர். ஆறு கோர் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், தானாக 4.6 வரை போகும். அதில் ஒரு குறையும் இல்லை. முகூர்த்த மாதங்களில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மெஷின் உருவாக்கும் வேலை) இன்னும் கொஞ்சம் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்றிருந்தது, அவ்வளவுதான்.

காரைக்குடியில் கம்ப்யூட்டர் விற்று, சர்வீஸும் செய்கிற கடை அது. பெயர் போடப் போவதில்லை. “புது ப்ராசசர் எதுக்குண்ணே? இதையே எல்லா கோரும் 4.7-ல ஓடுற மாதிரி பண்ணித் தர்றேன், 2,500 கொடுங்க” என்றார். வோல்டேஜ் ஏற்றினால் கெட்டுப்போகாதா என்று கேட்கத்தான் செய்தேன். அவர் பதில் சொல்லாமல், வோல்டேஜ் காட்டும் மென்பொருளைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். சும்மா நிற்கிற மெஷினிலேயே 1.45 வோல்ட் என்று வந்து வந்து போனது. “பாருங்க, கம்பெனிக்காரனே 1.45 கொடுத்து வச்சிருக்கான். நான் அதையே நிலையா நிறுத்தப் போறேன். கூட ஒரு பாயின்ட் வைக்கலை.” எண் கண்ணெதிரே தெரிகிறது. அதற்குமேல் என்ன கேட்பது? மெஷினை விட்டுவிட்டு வந்தேன்.

அந்த எண்ணை வைத்துத்தான் ஏமாற்று நடந்தது. ஒரே ஒரு கோர் லேசான வேலைக்காக 4.6-க்குத் துள்ளும்போது ரைசன் தானே 1.45 போல எடுத்துக்கொள்ளும். அப்போது கரன்ட் மிகக் குறைவு, அதுவும் கண நேரம்தான். ரெண்டர் மாதிரி ஆறு கோரும் முழு மூச்சில் ஓடும்போது வோல்டேஜை அதுவே நன்றாகக் கீழே இறக்கிக்கொள்ளும். மெஷினின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸில் 1.45 என்று நிலையாக அடித்துவிட்டால் இறங்க வழியே இல்லை. அதே வேகத்தில் 1.25 வோல்ட் போதும் என்கிற இடத்தில் 1.45 கொடுத்தால், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மின்சாரச் செலவு ஏறும். கணக்குப் போட்டால் சுமார் 35 சதவீதம் கூடுதல். வேகத்தையும் கூட்டியிருக்கிறார், அது தனி. அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். இது போதாதென்று லோடு (வேலைச் சுமை) ஏறும்போது வோல்டேஜ் தாழாமல் பிடித்து நிறுத்தும் லோட்லைன் கேலிபரேஷன் என்ற செட்டிங்கையும் உச்சத்தில் வைத்திருந்தார். லோடு ஏறும்போது வோல்டேஜ் சற்றுத் தாழ்வது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. அதை முழுதாக அடைத்துவிட்டால், லோடு சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் நாம் வைத்த அளவையும் தாண்டி எகிறும்.

கடையில் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருளை ஓட்டி 84 டிகிரி என்று காட்டினார். கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. என் எடிட்டிங் அறையில் ஃபேன்தான். நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதே மெஷின் 94-ஐத் தொட்டது. இந்த ப்ராசசருக்குக் கம்பெனி சொல்லும் உச்சமே 95. போனில் சொன்னேன். “95 வரைக்கும் தாங்கும், தைரியமா ஓட்டுங்க” என்றார்.

சில வாரங்களில் ப்ளூ ஸ்கிரீன் ஆரம்பித்தது. ரெண்டர் பாதியில் நிற்கும், மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் வீட்டுச் சாந்தி வீடியோ, அவர் மகன் ஊர் திரும்பும் நாள்வரை முடியவில்லை. அந்த வீட்டில் நான் இழந்த பெயரை 14,500 ரூபாயில் சேர்க்கவில்லை.

கடைக்காரர் சொன்ன சாக்குகள்: முதலில் “உங்க ஊர் கரன்ட் சரியில்லை, ஸ்டெபிலைசர் போடுங்க.” அப்புறம் “ரேம்ல தூசி.” அப்புறம் “விண்டோஸ் மாத்திப் பாருங்க.” திரும்பத் தூக்கிக்கொண்டு போனால், வோல்டேஜ் பற்றவில்லை என்று 1.48-ஆக ஏற்றி அனுப்பினார்! ஏற்கெனவே கெட ஆரம்பித்த ப்ராசசருக்கு மேலும் வோல்டேஜ். அதன்பின் போனை எடுப்பதில்லை. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டால், “நாங்க ப்ராசசர்ல கையே வைக்கலைண்ணே, கிளீன் பண்ணித்தான் கொடுத்தோம்.” கையே வைக்காததற்கா 2,500?

கடைசியில் அத்தை மகன்தான் வந்து பார்த்தான். விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் வரிசையாக டபிள்யூஹெச்இஏ-லாகர், ஈவென்ட் 18, ப்ராசசர் கோர் என்றே எழுதியிருந்தது, அதாவது ஹார்டுவேர் பிழை. பயாஸைப் பழையபடி டீஃபால்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அதே பிழை. வேறு போர்டில் மாட்டினாலும் அதே பிழை. கம்பெனி வேகத்தில்கூட நிற்க முடியாத நிலைக்கு ப்ராசசர் தேய்ந்துவிட்டது. ஓவர்க்ளாக் செய்து கெட்டதற்கு வாரன்டியும் கிடையாது. அதை அந்தக் கடைக்காரர் வாய் திறந்து சொல்லவே இல்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், ஆச்சி வீட்டு வேலை காத்திருப்பதால் சுருக்கமாக: கடையில் கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் பயாஸ் திரையைப் போட்டோ எடுங்கள். ரைசனுக்கு நிலையான வோல்டேஜ் வைக்க யாரையும் விடாதீர்கள். இன்னும் வேகம் வேண்டுமென்றால் ஏஎம்டியே பயாஸில் தரும் பிபிஓ, கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதிகள் போதும், அதில் வோல்டேஜைக் குறைத்தே வேகம் எடுக்கலாம். வோல்டேஜைப் பார்ப்பதென்றால் முழு லோடில் பாருங்கள், சும்மா நிற்கும்போது காட்டுவதை நம்பாதீர்கள். செய்த வேலை என்ன என்று எழுதிய பில் வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது “சர்வீஸ் 2,500” என்று கிறுக்கிய துண்டுச்சீட்டுதான். அதை வைத்துக்கொண்டே இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். 14,500 ரூபாயையும் கேட்டிருக்கிறேன், ஒரு ரூபாய் குறைக்கவில்லை.